அவரைக்கு நாள் குறிப்பது யார்?

வீட்டுக் கொல்லையில் பந்தல் அவரை போட்டவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். ஆடியில் ஊன்றிய விதை கார்த்திகையில் பூத்து, மார்கழியில் காய்த்து, பொங்கல் குழம்புக்கு உதவுகிறது. அதே விதையில் ஒரு பிடியை எடுத்து வைத்திருந்து மாசியில் ஊன்றிப் பாருங்கள். கொடி ஓடுகிறது, பந்தல் நிறைகிறது, கூரை ஏறுகிறது, அடுத்த வீட்டு முருங்கையையும் சுற்றிக்கொள்கிறது. பூ மட்டும் இல்லை. சித்திரை போகிறது, ஆனி போகிறது, ஆடியும் வந்துவிடுகிறது. "எரு மிஞ்சிப் போச்சு" என்பார் ஒருவர். "மலட்டு விதை" என்பார் மற்றொருவர். பொறுமையிழந்து ஆவணியில் கொடியை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். இரண்டு மாதம் பொறுத்திருந்தால், ஆடியில் ஊன்றிய பக்கத்து வீட்டுக் கொடியோடு சேர்ந்து அதுவும் பூத்திருக்கும்!

அப்படியானால் கொடிக்கு வயது ஒரு பொருட்டல்லவா? ஒன்பது மாதக் கொடியும் நான்கு மாதக் கொடியும் ஒரே சமயத்தில் பூக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவாக வெளியிலிருந்து ஏதோ ஒன்று நாள் குறித்துக் கொடுக்கிறது. அது மழையா? தொட்டியில் வைத்து ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றினாலும் இதே கதைதான். குளிரா? மதுரையில் ஐப்பசியில் என்ன பெரிய குளிர் வந்துவிடுகிறது! மீதியிருப்பது ஒன்றே. அது பகலின் நீளம்.

"நம் ஊரில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம்தானே?" என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்திற்கு மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. மதுரையோ நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகை வடக்கேதான் இருக்கிறது. இங்கே ஜூன் 21 அன்று சூரியன் உதித்து மறையும் வரை சுமார் 12 மணி 42 நிமிடம். டிசம்பர் 22 அன்று 11 மணி 33 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு ஒரு மணி பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் அதில் 'அகஸ்' என்ற தலைப்பில் நாள்தோறும் பகலின் அளவை நாழிகைக் கணக்கில் போட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அது ஏறத்தாழ 29 நாழிகைக்கும் 32 நாழிகைக்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். ஆவணி, புரட்டாசியில் பகல் குறைவது நாளொன்றுக்கு அரை நிமிடம்தான். இந்த அரை நிமிடத்தை மனிதர் எவரும் உணர்வதில்லை. அவரை உணர்கிறது, நெல்லும் உணர்கிறது.

பாரிசில் தொடங்கிய ஆய்வு

பயிர்கள் பகலை அளக்கின்றன என்ற செய்தி அறிவியலுக்குத் தெரிந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. முதலில் மோப்பம் பிடித்தவர் ஷூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சு இளைஞர். அவர் ஆராய்ந்த செடிகள் இரண்டு: ஒன்று ஜப்பானிய ஹாப் என்னும் கொடி, மற்றொன்று கஞ்சாச் செடி. வசந்த காலத்தில் விதைத்தால் ஆளுயரம் வளர்ந்து கோடையின் முடிவில் பூக்கும் இச்செடிகள், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் விதைக்கப்பட்டபோது முளைத்துச் சில இலைகள் விட்டதுமே பூத்துவிட்டன. கண்ணாடி வீட்டில் வெப்பம் இருந்தது, நீர் இருந்தது. நீண்ட பகல் மட்டும் இல்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே ஒளி கொடுத்துப் பார்த்தார், அதே விளைவு. 1914இல் அவர் எழுதிய முடிவு வியப்பானது: பகல் குறுகியதைவிட இரவு நீண்டதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு உலகப்போரில் மாண்டும் போனார். அவர் சொன்னதைச் சோதனையால் உறுதி செய்ய அடுத்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

கஞ்சாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் சட்டப்படி அரசு அனுமதியின்றி அதைப் பயிரிடுவது கடுங்குற்றம். நமக்கு இங்கே வேண்டியது அதன் தாவரவியல் பாடம் மட்டுமே. அந்தப் பாடம் இது: வட ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிடும் வகை, அங்குள்ள நீண்ட கோடைப் பகலில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவதால்தான் நீளமான நார் தருகிறது. பகல் பதின்மூன்று மணியைத் தொடாத நம் பூமியில் அதை விதைத்தால், வளர்வதற்கு முன்பே பூத்து, முழங்கையளவில் நின்றுபோகும். பூமியின் ஓரிடத்திற்குப் பொருந்திய விதை மற்றோரிடத்தில் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை.

பிறகு அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர். 'மேரிலாந்து மாமத்' என்ற ராட்சதப் புகையிலை கோடை முழுவதும் வளர்ந்து பூக்காமலே நின்றது. 1918 கோடையில் அவர்கள் தொட்டிச் செடிகளை மாலை நாலு மணிவாக்கில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறுநாள் காலை வெளியே எடுத்து வைத்தார்கள். வெளியே நின்ற செடிகள் வளர்ந்துகொண்டே இருக்க, கொட்டகைச் செடிகள் பூத்தன. 1920இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைதான் ஒளிக்கால உணர்வு என்ற துறையையே தோற்றுவித்தது. பயிர்களைக் குறும்பகல் பயிர்கள், நெடும்பகல் பயிர்கள், பகலைப் பொருட்படுத்தாத பயிர்கள் என்று பிரித்தவர்களும் அவர்களே. அவரை, மொச்சை, துவரை, பழைய சம்பா நெல், சாமந்தி ஆகியவை முதல் கூட்டம். கோதுமையும் பசலையும் இரண்டாவது. தக்காளி மூன்றாவது.

அளக்கப்படுவது இரவு

தூர்னுவாவின் ஊகத்தை மெய்ப்பித்தது நம் கண்மாய்க் கரைகளிலும் குப்பைமேடுகளிலும் முள்காயோடு நிற்கும் மருளூமத்தை! ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் துணியில் ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். 1938இல் அமெரிக்காவில் ஹாம்னர், பானர் இருவரும் இதை எடுத்துக்கொண்டார்கள். எட்டரை மணி நேரத்திற்குக் குறையாத ஒரே ஓர் இரவு போதும், இது பூக்க முடிவெடுத்துவிடும். பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் செடி கவலைப்படுவதில்லை. ஆனால் நீண்ட இரவின் நடுவே ஒரு சில நிமிடம் விளக்கைக் காட்டினால் போதும், பூக்கவில்லை. இரவு இரண்டு துண்டாகிவிட்டது, கணக்குக் கெட்டுவிட்டது. மதுரையில் மிகக் குறுகிய இரவுகூடப் பதினோரு மணி நேரத்திற்கு மேல். எனவே மருளூமத்தைக்கு நம் ஊரில் எல்லா நாளும் நல்ல நாளே. அவரைக்கோ அந்த இரவு போதாது; அது இன்னும் நீண்ட இரவைக் கேட்கிறது. 'குறும்பகல் பயிர்' என்ற ஒரே பெயருக்குள் ஒவ்வொரு செடியும் தனக்கென ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எந்தக் கண்ணால் பார்க்கிறது? இலைக்குள் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமிதான் அந்தக் கண். சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவமாகவும், சிவப்புக்கு அப்பாற்பட்ட நெடுஞ்சிவப்பு ஒளி பட்டாலோ இருட்டில் விட்டாலோ மறு வடிவமாகவும் மாறும். 1959இல் இதைச் சாற்றிலிருந்து அடையாளம் கண்டார்கள். இதோடு, ஒவ்வொரு செடிக்கும் இருபத்து நான்கு மணிக் கடிகாரம் ஒன்றும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் காட்டும்போது வெளியே வெளிச்சமா, இருட்டா என்று நிறமி பதில் சொல்கிறது. பதில் இருட்டு என்றால் குறும்பகல் பயிர் தயாராகிறது.

ஆனால் பார்ப்பது இலை, பூப்பது கொழுந்து. இடையில் தூது போவது எது? ரஷிய அறிஞர் சைலக்யான் சாமந்தியை வைத்து 1930களில் ஆராய்ந்து, இலையில் உண்டாகிக் கொழுந்துக்குப் போகும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றார். 'புளோரிஜன்' என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்தாகிவிட்டது, பொருளைக் காணோம்! எழுபது ஆண்டு தேடினார்கள். 2007இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஒரே சமயத்தில் விடை கிடைத்தது. அது ஒரு சிறு புரதம். ஜப்பானியர் அதைக் கண்டது வேறெதிலும் அல்ல, நெல்லில்தான். இலையில் உருவாகி, சாறு ஓடும் குழாய் வழியே தண்டின் நுனிக்குப் போய், "இனி இலை வேண்டாம், கதிர் கட்டு" என்று ஆணையிடுகிறது அப்புரதம்.

இவ்வளவு நுட்பமான அளவு சாத்தியமா என்று ஐயுறுவோர்க்கு மலாக்காவிலிருந்து ஒரு செய்தி. அந்த ஊர் நிலநடுக்கோட்டிற்கு இரண்டே பாகை வடக்கு. ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் அங்கே வேறுபாடு 14 நிமிடம்தான். 'சியாம் 29' என்ற நெல்லை அங்கே செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளில் பூத்தது. ஜனவரியில் விதைத்தபோது 329 நாள் எடுத்துக்கொண்டது. இதை டோர் என்பவர் 1959இல் எழுதினார். பதினான்கு நிமிடத்திற்காக ஓராண்டு காத்திருக்கும் பயிர்! நம் மதுரையின் எழுபது நிமிடம் அதற்கு மிகப் பெரிய இடைவெளி அல்லவா?

நாள்காட்டி நெல்லும் கடிகார நெல்லும்

இனி வயலுக்கு வருவோம். நெல்லின் வாழ்வில் கடைசி அறுபத்தைந்து நாள் எல்லா வகைக்கும் ஏறக்குறைய ஒன்றே. கதிர் கருக்கொண்டதிலிருந்து பூக்கச் சுமார் 35 நாள். பூத்ததிலிருந்து முற்றச் சுமார் 30 நாள். வகைக்கு வகை வேறுபடுவது அதற்கு முந்திய வளர்ச்சிக் காலம்தான். பழைய சம்பா வகைகளில் அந்தக் காலத்தை முடித்து வைப்பது பகல் சுருக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பகல் பதினொன்றே முக்கால் மணிக்குக் கீழே இறங்க, கதிர் கருக்கொள்கிறது; மார்கழியில் பூக்கிறது; தையில் அறுவடை. ஆடியில் நாற்று விட்டாலும் தையில்தான் அறுவடை. ஆவணிக் கடைசியில் விட்டாலும் தையில்தான். முன்னது நூற்றெண்பது நாள் நிற்கும், பின்னது நூற்றைம்பது நாளுக்குள் முடிந்துவிடும். இவற்றை நாள்காட்டி நெல் என்று அழைக்கலாம்.

மணிலாவுக்கு அருகே உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 வேறு இனம். அது பகலைப் பார்ப்பதில்லை. விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது. எந்த மாதம் விதைத்தாலும் ஏறக்குறைய அதே நாளில் முற்றுகிறது; குளிர் மாதங்களில் மட்டும் சில நாள் கூடும். அதன் பின் நம் மாநிலத்தில் வந்த ஆடுதுறை 36, அம்பாசமுத்திரம் 16, ஆடுதுறை 43 எல்லாம் இந்த வழி வந்தவையே. 110 நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடுபவை. இவற்றைக் கடிகார நெல் எனலாம்.

ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகம் எடுக்கக் கடிகார நெல் இல்லாமல் முடியாது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பாசனத்தில் உள்ள சுமார் 45,000 ஏக்கர் இருபோக நிலத்தைப் பாருங்கள். முதல் போகத்துக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால் செப்டம்பருக்குள் அறுத்து, இரண்டாம் போகத்திற்கு உழுதாக வேண்டும். அந்த நான்கு மாதமும் ஆண்டிலேயே பகல் நீண்டிருக்கும் காலம். அங்கே பழைய சம்பாவை நட்டால் கதை கொல்லை அவரையின் கதைதான்: பச்சையாக நிற்கும், தூர் வெடிக்கும், கதிர் வராது. பகலைப் பொருட்படுத்தாத விதை வந்ததால்தான் அந்த மடைகளில் இரண்டு அறுவடை நிலைத்தது. கிணறு உள்ளவர் மூன்றாவதையும் முயன்று பார்க்க முடிகிறது; மூன்று முறை நூற்றுப்பத்து, முந்நூற்று முப்பது நாள்தானே! கணக்கு சரிதான். கிணற்றில் நீர் இருக்கிறதா என்பது வேறு கணக்கு.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலங்கள் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகும், 1959இல் வைகை அணை வந்த பிறகும், கால்வாய்க் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது அணை நீர்மட்டத்தையும் வானத்தையும் பொறுத்ததாகவே இருந்துவருகிறது. செப்டம்பரில் வர வேண்டியது ஒரு மாதம் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்றங்காலில் இருப்பது நாள்காட்டி நெல்லாயின், நாற்று காத்திருக்கும். அதற்கு அவசரமில்லை, நட வேண்டிய நாள் தள்ளினாலும் பூக்கும் நாள் தள்ளாது. தூர் குறையும், மகசூல் குறையும். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் கண்மாய்த் தண்ணீரும் இருக்கும்போதே கதிர் வந்துவிடும். நாற்றங்காலில் இருப்பது 110 நாள் கடிகார நெல்லாயின், அது நாற்றங்காலிலேயே தன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. இருபது நாளில் பறித்து நட வேண்டிய நாற்றை நாற்பதாம் நாள் நட்டால், வேர் பிடித்ததும் இரண்டு மூன்று தூரோடு அவசரமாகக் கதிர்விட்டு ஏமாற்றும். புதிதாக நாற்று விட்டாலோ, பூப்பது ஒரு மாதம் தள்ளி, மாசி வெயிலில் மடை வறண்டபின் பால் பிடிக்க வேண்டியதாகிறது. கடைமடை உழவர் தண்ணீர் திறப்புத் தேதிக்காகப் போராடுவதன் பின்னே, சிந்தித்துப் பார்த்தால், இந்தத் தாவரவியலும் இருக்கிறது.

பழையதே நல்லது என்று இதற்குப் பொருளல்ல. பழைய சம்பா உயர்ந்து வளர்ந்து, உரம் கொஞ்சம் கூடினால் சாய்ந்துவிடும். ஏக்கருக்குக் கிடைப்பதும் குறைவு. அதை மட்டுமே நம்பியிருந்தால் ரேஷன் கடை வரிசை இன்னும் நீண்டிருக்கும். பங்களாதேஷில் ஒரு நடுவழி கண்டார்கள். வெள்ளம் வடியும் நாள் அங்கே நிச்சயமில்லை. எனவே நவீன மகசூலையும் பழைய பகல் உணர்வையும் சேர்த்து பி.ஆர். 22, பி.ஆர். 23 என்ற வகைகளை 1980களில் உருவாக்கினார்கள். தாமதமாக நட்டாலும் உரிய காலத்தில் பூக்கும். தாய்லாந்தின் புகழ்பெற்ற மணமிக்க நெல்லும் பகல் உணர்வுள்ளதே. எப்போது நட்டாலும் அக்டோபரில் பூப்பது. தண்ணீர் வரும் தேதி நம் கையில் இல்லாத நிலத்திற்கு எந்த விதை, தேதி நம் கையில் உள்ள கிணற்றுப் பாசனத்திற்கு எந்த விதை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் விதைக் கடைகளில் இன்னும் போதிய அளவு வரவில்லை என்பது என் கருத்து.

நெல்லோடு இது முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரித் துவரையை ஆடியில் விதைத்தால் ஆளுயரம் படரும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் இடுப்பளவில் பூத்துவிடும். ஆகவே பின்பட்டத்தில் நெருக்கி விதைக்கச் சொல்கிறார்கள். பசுந்தாளுக்குச் சணப்பு போடுவோர்க்கும் இதே விதி: நீண்ட பகலில் விதைத்தால் தழை, குறும்பகலில் விதைத்தால் சீக்கிரமே மஞ்சள் பூ. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த செடி அவரை வகைகள் பகலைப் பார்ப்பதில்லை. அதனால்தான் சந்தையில் இன்று ஆண்டு முழுவதும் அவரைக்காய் கிடைக்கிறது. 'பொங்கல் அவரையின் ருசி இதில் இல்லை' என்று என் வீட்டில் சொல்வார்கள். அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை!

மதுரை என்றதும் மல்லிகையைக் கேட்காமல் விடமாட்டார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லிகையை ஆள்வது முக்கியமாக வெப்பமும் கத்தரிக்கோலும். கார்த்திகை, மார்கழியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால், புதுக்கிளை விட்டு மாசி, பங்குனியிலிருந்து கொட்டுகிறது. பனிக்காலத்தில் பூ அருகி, மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுவது ஆண்டுதோறும் செய்தி. சாமந்தி அப்படியல்ல; அது அசல் குறும்பகல் பயிர். இரவு நடுவே சில மணி நேரம் விளக்கெரித்தால் மொட்டு வைக்காமல் வளரும். விளக்கை நிறுத்தினால் மொட்டு. திருவிழாத் தேதிக்குப் பின்னோக்கி எண்ணி விளக்கை அணைக்கும் தோட்டங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. இதன் மறுபக்கமும் உண்டு. வயலோரம் தெருவிளக்கு நட்டால், அதன் வெளிச்ச வட்டத்திற்குள் நிற்கும் பகல் உணர்வுள்ள நெல் மட்டும் கதிர்விடத் தாமதிப்பதை ஜப்பானில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி. பழைய பந்தல் அவரை விதையாகக் கேட்டு வாங்குங்கள். செடி அவரை உதவாது. மாசியில் இரண்டு தொட்டிகளில் ஊன்றி, குச்சி நட்டு, சித்திரை பிறக்கும் வரை ஒரே மாதிரி வளருங்கள். நுனியைக் கிள்ளிக் கொடியைக் குட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தொட்டியை மட்டும் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாகச் சுற்றிய பெரிய கூடையால் கவிழ்த்து மூடி, காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். உள்ளே வெப்பம் கூடி, எதனால் விளைவு வந்தது என்று சொல்ல முடியாமல் போகும். ஒரு நாளும் தவறக் கூடாது; ஞாயிற்றுக்கிழமை விடுமுறை செடிக்குத் தெரியாது. மற்றத் தொட்டி திறந்த வெளியிலேயே இருக்கட்டும்; ஆனால் அதன் அருகே இரவில் விளக்கு எரிய வேண்டாம். வைகாசி முழுவதும் இரண்டிலும் இலைக் கக்கங்களைக் கவனித்து, முதல் மொட்டு எந்தத் தொட்டியில், எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வையுங்கள்.